விபத்தே நடக்காத கடல்

படகுத்துறையில் வரிசையாக இருந்த, கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க அழைத்துப்போகும் ஸ்கூபா கடைகளில் ஒன்றைக்கூட அந்த வயதான தம்பதி விடவில்லை. எல்லா இடத்திலும் அந்த அம்மாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"இங்க கடலுக்குள்ள இறங்கினவங்க யாராவது திரும்பி வராம போயிருக்காங்களா?"

"சேச்சே! இந்தத் தீவுல அப்படி ஒண்ணு நடந்ததே இல்லம்மா. தைரியமா வாங்க. நீச்சல் தெரியலைன்னாலும் நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் அடுத்த கடைக்கு நடந்தார்.

கடைசிக் கடைக்காரன் மட்டும், காற்று சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், கையை நிறுத்திவிட்டுத் தயங்கினான்.

"போன வருஷம் ஒரு பொண்ணு மேல வரவே இல்லம்மா. வேற கடைக்காரங்க படகுல போனவ. இங்க இருக்கிற எல்லாரும்தான் இறங்கித் தேடினோம். கிடைக்கல."

உள்ளேயிருந்த அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வர்றவங்களை எல்லாம் இப்படித்தான் வாயாலயே விரட்டுறீங்க!"

"எங்களுக்கு உங்க படகுதான் வேணும்" என்றார் அந்த அம்மாள்.

அவனால் நம்ப முடியவில்லை. "சரிம்மா. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா?"

"நாங்க தண்ணிக்குள்ள இறங்கல தம்பி" என்றார் அதுவரை வாய் திறக்காத கணவர். "நீங்க தேடின இடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் படகை நிறுத்தினா போதும்."

கடைக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்படி ஒருத்தி வரவே இல்லைங்கற மாதிரி எல்லாரும் பேசுறாங்கப்பா" என்று சொல்லும்போதே அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "எம் பொண்ணு இங்கதான்ப்பா இருக்கா."