மாவு மில்லுக்குக் கைகாட்டிய ஐந்நூறு பேர்

ஒரு மாவு மில்லுக்கு இணையதளம் ஒன்று இருந்தது. அதை எட்டிப் பார்க்கத்தான் ஆளே இல்லை. இந்த மாதமும் யாரும் வராவிட்டால் தளத்தை மூடிவிடுவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

பதறிப்போன தளம் ஒரு விளம்பரத் தரகனைப் பிடித்தது. மறுநாளே ஐந்நூறு தளங்கள் 'நல்ல மில்' என்று அதற்கு லிங்க் கொடுத்தன. தேடுபொறி விசாரிக்க வந்தது.

"உனக்கு லிங்க் கொடுத்த இந்த நார்வே நாய் ஷாம்புத் தளம் உன்னிடம் என்ன அரைத்தது?"

நியாயமான கேள்விதான். தேடுபொறி தளத்தைத் தேடல் முடிவுகளின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது.

அழுகைச் சத்தம் கேட்டு, அடுத்த கடையான புட்டுக்கடையின் தளம் ஓடி வந்தது. "ஏண்டி, மூணு வருஷமா உன் மாவிலதான் எங்க புட்டு வேகுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"முகம் தெரியாத ஐந்நூறு பேர்கிட்ட வராத கூச்சம் என்கிட்ட மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

திட்டிக்கொண்டே அது தன் முகப்பில் ஒரு வரி எழுதி, மில்லுக்கு லிங்க் போட்டது: 'மாவு, அடுத்த கடை மில்லில் அரைத்தது.'

சாயங்காலம் ஒருவர் அந்த வரியைத் தொட்டு மில்லின் தளத்துக்குள் வந்தார். "கம்பு அரைப்பீங்களா?"

"அக்கா, ஆள் வந்துட்டாங்க!" என்று தளம் புட்டுக்கடைப் பக்கம் கூவியது.

"அரைப்போம்னு சொல்லுடி!" என்று அங்கிருந்தே கத்தியது புட்டுக்கடை.