கிளமென்டின் ரீல்

செத்துப்போன கணவன் கிளமென்டின் தூண்டில் ரீலை விற்பதற்காகச் சரிபார்க்கச் சொல்லியிருந்தாள் ஜெசிந்தா. கொழுந்தன் முறையான சவரிராயன் உப்பரித்த பேரிங்குகளை மாற்றி, எண்ணெய் விட்டு, தூண்டில் கோலில் மாட்டி, அவள் பார்க்கக் கடற்கரையில் வீசினான். நுனியில் கட்டிய ஈயக்குண்டு தண்ணீரைத் தொட்டதும் ரீலில் சுற்றும் உருளையைப் பெருவிரலால் அழுத்தி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தூண்டில் நரம்பு சிக்கலாகிவிடும். அவன் அழுத்த மறந்துவிட்டான். உருளை தானாக நின்றது.

மணலில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தான். அதை நிறுத்தக்கூடிய எதுவும் உள்ளே இல்லை. மாட்டிவிட்டு, வேண்டுமென்றே விரலை விலக்கி வீசினான். நின்றது.

"என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல மைனி. அதான் புரியல."

ஜெசிந்தா உருளையைத் தொட்டாள். விளிம்பில் ஒரு பெருவிரல் அகலத்துக்கு மட்டும் சுட்டது. தன் பெருவிரலை அதன்மேல் வைத்தாள். ஆறும்வரை எடுக்கவில்லை.