வீட்டுப் பாட்டு

விமலராணி தொண்டையைச் செருமிக்கொண்டு தாலாட்டை எடுத்தாள். அவ்வளவுதான், மூன்று பேர் பிடித்தும் திமிறிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் ஜெனிற்றா சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

தானே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாதி ஊசியை ஏற்றி எடுக்கும்வரை ஒரு முனகல் இல்லை.

கிதாரோடு நின்ற லிஸ்பெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புற்றுநோய்ப் பிள்ளைகளின் பயத்தைப் பாட்டால் ஆற்றுவதுதான் டென்மார்க்கில், ஒடென்சே நகரின் அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. அவளுடைய டேனிஷ் பாட்டுக்கெல்லாம் ஜெனிற்றா காதைப் பொத்தினாள். வீட்டில் பாடுகிற பாட்டையே பாடும்படி விமலராணியிடம் சொன்னதும் லிஸ்பெத்தான்.

“உம்மடை பாட்டைப் போத்தலிலை அடைச்சு மற்றப் பிள்ளையளுக்கும் குடுக்கலாமாம்,” என்று லிஸ்பெத் சொன்னதைத் தமிழில் சொன்னான் விமலராணியின் கணவன் நிக்கலஸ்.

விமலராணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அகதியாக வந்து இறங்கிய நாள்முதல் அவளால் ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. பாஷை தெரியாது, மருந்தின் பெயர் வாயில் நுழையாது. இந்தப் பாட்டு ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. முகாமில், முன்பின் தெரியாத அறையில், பிள்ளையை உறங்கவைக்க அவளே கட்டிய பாட்டு.

அதன்பிறகு ஊசி என்றால் விமலராணியைத்தான் கூப்பிட்டார்கள். மாரிகாலம் முழுக்க அவள் பாடினாள்.

ஊசி இல்லாத ஒரு நாள், கஞ்சியை ஊட்டும்போது தன்னை அறியாமல் அதையே முணுமுணுத்தாள். ஜெனிற்றா வாயை இறுக மூடிக் கரண்டியைத் தட்டிவிட்டாள்.

“மருந்து குடிச்சு நாக்குக் கசக்குது போலை,” என்றான் நிக்கலஸ். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்த கிழமை டொக்டர் நிக்கலஸைத் தனியே கூப்பிட்டார். திரும்பி வந்தவன் விறாந்தையிலேயே நின்றான்.

“பிள்ளைக்கு இனி ஊசி வேண்டாமாம். வீட்டை கொண்டுபோகட்டாம்.”

“சுகம் வந்திட்டுதோ?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரமே இருட்டிவிட்டது. நோவில் பிள்ளை இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. போகிற பிள்ளை தன் மடியில் நிம்மதியாக உறங்கட்டும், அது ஒன்றே போதும் என்றிருந்தது விமலராணிக்கு. மகளைத் தூக்கி மடியில் கிடத்தி, நெற்றியில் சிலுவை போட்டாள்.

“இனி ஆஸ்பத்திரி இல்லையம்மா. ஒருத்தரும் குத்தமாட்டினம். நித்திரை கொள்ளும், என்ன?”

ஜெனிற்றா மெல்லச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்ட விமலராணி, அழுகையை விழுங்கிக்கொண்டு தாலாட்டை எடுத்தாள்.

மடியில் கிடந்த உடம்பு விறைத்தது. அந்த மெலிந்த கை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீண்டது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

“குத்தமாட்டினம் எண்டு சொன்னியள்தானே. பிறகேன் பாடுறியள், அம்மா?”