பச்சைப் பட்டை

பன்னிரண்டாம் மேசையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி அமலி, ரயில்வேயில் ஓய்வு பெற்ற இருதயராஜ், கல்லூரி மாணவி யாழினி.

பலகை விளையாட்டுத் திருவிழாவுக்கு வரும் எல்லோர் மணிக்கட்டிலும் வாசலிலேயே ஒரு பட்டை மாட்டிவிடுவார்கள். மகிழ்ச்சியாக இருந்தால் அது பச்சையாக எரியும், இல்லாவிட்டால் சிவப்பாக. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசையில் அதிகம் வாடியிருப்பவரை அழைத்துப் போய்விடுவார்கள். மற்றவர்களின் அனுபவம் கெடக்கூடாதாம். மனம் தெளியும்வரை அவர் பின்னறையில் இருக்க வேண்டும். போன வருடம் அதற்குள் போன அமலியின் தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. அவனைத் தேடித்தான் டிக்கெட் எடுத்து வந்திருந்தோம்.

நான்கு பட்டைகளும் சிவப்பாக இருந்தன.

"சிரிங்க சார், ஆறு விழுந்திருக்கு," என்று இருதயராஜ் பகடையைக் காட்டினார்.

"ஏங்க, தம்பி அந்தக் கதவுக்குப் பின்னாலதானே இருப்பான்?" என்று அமலி பின்னறைப் பக்கம் பார்த்தாள்.

"பேசாம காயை நகர்த்து. சிரி."

"நீங்க சிரிக்கிற லட்சணத்தப் பாருங்க," என்றாள் அமலி.

சுற்று முடிந்தது. சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். என்னைத்தான் கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், நீங்க கொஞ்சம் வாங்க."

அவள் என்னைக் கூப்பிடவில்லை.

அமலி எழுந்தாள். நானும் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. பின்னறை வாசலில் அவள் திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தாள். அதன்பிறகுதான் நானும் குனிந்து பார்த்தேன். பட்டை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளே போனாள். கதவை மூடி, வெளியே பூட்டினார்கள்.