இடம் பிடித்த குடை

பாப்டிஸ்ட் சபைகளின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் ஒவ்வொரு சபையின் பெயரையும் வாசிக்க, அந்தந்தச் சபைப் பிரதிநிதிகள் எழுந்து நிற்கிறார்கள். உயரமான சன்னல் வழியே இறங்கும் காலை வெயிலில் மூன்றாம் வரிசை பளிச்சென்று காலியாகத் தெரிகிறது. அங்கே ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரம்மா ஒருவர் மட்டும்தான். பக்கத்து நாற்காலிகளில் அவருடைய கைப்பை, குடை, பாட்டுப் புத்தகம். யாருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாரோ. ஒரு காலத்தில் அவர் சபையார் இடித்துப் பிடித்து உட்கார்ந்த வரிசை. அடுத்த மாதம் அந்தச் சபையை மூடுகிறார்கள். அதன் பெயர் ஒலிக்கிறது. அவர் எழுகிறார். "ஒருத்தர்," என்று செயலாளர் எழுதப் போகும்போது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. வேறு சபையிலிருந்து வந்த பல் டாக்டர், தலை நரைத்தவர், எழுந்து நிற்கிறார். "நானும் அந்தச் சபைத் தொட்டியில ஞானஸ்நானம் எடுத்தவன்தான். தண்ணியில முங்கி நடுங்கிக்கிட்டே மேல ஏறுனப்ப இந்த அக்காதான் துண்டு குடுத்தாங்க." இன்னொரு நாற்காலி நகர்கிறது. பிறகு சுவரோரம் இரண்டு. "டாக்டர், விதிப்படி பிரதிநிதிங்க மட்டும்தான் நிக்கணும்," என்கிறார் செயலாளர். ஆனாலும் 'ஒருத்தர்' என்று எழுதாமலே பேனாவை மூடிவிடுகிறார். அம்மா திரும்பிப் பார்க்கிறார். குடையை எடுக்கிறார், பையை எடுக்கிறார், புத்தகத்தையும் எடுத்து எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "வாங்க, இங்க இடம் இருக்கு."