ப்ராக்ஸிமோ பத்து

பதினொரு ஆண்டுகள் பேசாதிருந்த தம்பி ஞானாமிர்தத்திடமிருந்து வந்த ஒற்றை வரிக் கடிதத்தை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதநாயகம் மும்முறை வாசித்தார்: ‘ப்ராக்ஸிமோ பத்தாம் தேதி உங்களைப் பார்க்க வருகிறேன்.’ அடுத்த மாதத்தைக் குறிக்கும் அந்தப் பழைய லத்தீன் சொல் அவர்கள் தகப்பனாரின் கடிதங்களில் புழங்கியது. ஆனால் கடிதத்தின் தலைப்பில் தேதி இல்லை. எந்த மாதத்துக்கு அடுத்த மாதம்? அவருக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு மையால் சுழித்து, ‘தேதியிடாத கடிதத்தில் இச்சொல்லுக்குப் பொருளில்லை, திருத்தி அனுப்புக’ என்று ஓரத்தில் எழுதி, அதையே தபாலில் திருப்பிவிட்டார்.

“வாரேன்னு எழுதின தம்பிக்கு மார்க்கு போட்டு அனுப்பின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்,” என்றாள் மனைவி சலோமி. “அவன் கோவிச்சுக்கிட்டுப் போனதே இதுக்குத்தான.”

அதன்பின் ஒவ்வொரு பத்தாம் தேதியும் அவர் சவரம் செய்துகொண்டு, வாசற்கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்தார். சலோமி உலையில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டாள்.

ஐந்தாவது மாதம் அதே கடிதம் திரும்பி வந்தது. தலைப்பில் தேதி முறையாக இடப்பட்டிருந்தது. ‘வருகிறேன்’ என்ற சொல் மட்டும் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது.

வேதநாயகம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இதுலயும் தப்பு இருக்கா?” என்று கேட்டாள் சலோமி.

“இல்லை,” என்றார்.