சிறைவாசலில் ஒரு கடிதம்

சிறைவாசலின் இரும்புக் கதவில் பத்து மணி வெயில் பட்டுத் தெறிக்கிறது. இந்த அம்மாவைப் பாருங்கள். மகனைப் போலீஸ் கூட்டிப்போய்ப் பதினோரு மாதமாகிறது. வாராவாரம் வருகிறாள், "அப்படி ஒருத்தன் இங்க இல்ல" என்ற பதிலோடு திரும்புகிறாள். இன்று சர்வதேச மனித உரிமைக் குழு அனுப்பிய கடிதத்தைச் சன்னலுக்குள் நீட்டுகிறாள். காவலர் அதன் முத்திரையை விரலால் தடவிப் பார்க்கிறார். "ஏம்மா, இவங்க ப்ளேன் ஏறி வந்து பூட்டைத் திறக்கப்போறாங்களாக்கும்?" "திறக்க வேணாம் தம்பி. பையன் எங்கேன்னு கேட்டிருக்காங்க, பதில் சொல்லுங்க." கடிதத்தோடு உள்ளே போனவர், சட்டைக் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டே திரும்பி வருகிறார். "இன்னிக்குப் பார்க்க முடியாதும்மா. அவனுக்குக் காய்ச்சல்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அம்மா சன்னல் கம்பியை இறுகப் பற்றுகிறாள். "எத்தனை நாளா தம்பி காய்ச்சல்?"